அறிகுறி ஓரிடம், காரணம் வேறிடம்: விளையாட்டு அசைவில் பிழை தேடும் வழி

பந்து வேகமாகப் போகவில்லை என்றால் கையைத் திருத்துகிறோம். முட்டி உள்ளே சரிந்தால் முட்டியை வெளியே தள்ளச் சொல்கிறோம். பெரும்பாலான நேரம் காரணம் அங்கே இருப்பதில்லை. ஓடும்போதும் தாவும்போதும் எறியும்போதும் நாம் தரையைத் தள்ளுகிறோம், தரை அதே அளவு விசையோடு நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை பாதத்தில் தொடங்கி கணுக்கால், முட்டி, இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறி, கடைசியில் கையிலோ உடலின் வேகத்திலோ வெளிப்படுகிறது. வழியில் எந்த மூட்டில் இழந்தாலும் குறை தெரிவது கடைசியில்தான்.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் தேடும் திசை ஒன்றே. குறை கண்ணில் படும் கணத்திலிருந்து ஒரு கட்டம் பின்னே போய்ப் பாருங்கள், உடலில் ஒரு மூட்டு கீழே இறங்கிப் பாருங்கள். சில இடங்களில் காரணம் மேலே இருக்கும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை முதலிலேயே. கூர்மையான வலி, வீக்கம், மூட்டு திடீரென்று பிடி விட்டுப் போகிற உணர்வு, இரவிலும் விடாத வலி ஆகியவை நுட்பப் பிழைகள் அல்ல. அவற்றுக்கு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். அசைவைத் திருத்துவது அதற்கு அப்புறம்.

முதலில் வீடியோ

வெறும் கண்ணை நம்ப வேண்டாம். உச்ச வேகத்தில் ஓடும் சிறந்த ஸ்பிரிண்டரின் பாதம் ஒரு அடிக்குச் சுமார் 0.1 நொடிதான் தரையில் இருக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் வீடியோவில் அது மூன்றே படம். 240 ஃபிரேமில் எடுத்தால் 24 படம். ஸ்லோ மோஷன் வசதி இப்போது பல கைபேசிகளில் இருக்கிறது, அது போதும்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று வெகுகாலம் விவாதித்தார்கள். 1878-இல் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்தபோது எழுவது உறுதியானது. ஆனால் அது ஓவியர்கள் வரைந்து வந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கும் கணத்தில் அல்ல, வயிற்றுக்கு அடியில் கூடியிருக்கும் கணத்தில். தேர்ந்த கண்களே தவறவிட்ட விஷயம் அது. பயிற்சியாளரின் கண்ணும் அதே கண்தான்.

கேமராவை இடுப்பு உயரத்தில், அசையாமல், அசைவின் திசைக்குச் செங்குத்தாக வையுங்கள். சாய்வான கோணத்தில் எடுத்தால் முட்டி மடங்கும் அளவும் அடியின் நீளமும் பொய்யாகத் தெரியும். பக்கத்திலிருந்து ஒன்று, முன்னாலோ பின்னாலோ இருந்து ஒன்று என இரண்டு வீடியோ வேண்டும்.

அறிகுறி: முழு மூச்சாக ஓடியும் வேகம் ஏறவில்லை

பக்கவாட்டு வீடியோவில் பாதம் தரையைத் தொடும் முதல் ஃபிரேமில் நிறுத்துங்கள். இடுப்பின் நடுவிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பாதம் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது? கொஞ்சம் முன்னால் இருப்பது இயல்பு. சீரான வேகத்தில் ஓடும் எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் முட்டி கிட்டத்தட்ட நீண்டு, கீழ்க்கால் முன்பக்கம் சாய்ந்து, பாதம் மிகத் தள்ளி விழுந்தால் தரை தரும் விசையின் ஒரு பங்கு பின்னோக்கித் திரும்புகிறது. ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டுவிட்டு, இழந்த வேகத்தை மறுபடி சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. முட்டிக்கும் இடுப்புக்கும் சுமை கூடுவது தனி.

இங்கே பலர் குதிகாலைக் குற்றம் சொல்வார்கள். குதிகால் முதலில் தொடுவது மட்டும் பிழை அல்ல. நெடுந்தூரம் நன்றாக ஓடும் பலரின் குதிகால்தான் முதலில் தொடுகிறது. பாதத்தின் எந்தப் பகுதி தொடுகிறது என்பதைவிட, அது உடலுக்கு எவ்வளவு முன்னால் தொடுகிறது என்பதே முக்கியம்.

திருத்தம்: அடியைச் சுருக்கச் சொன்னால் ஓடுபவர் விறைத்துப்போவார். அதற்குப் பதிலாக, அதே வேகத்தில் ஓடவிட்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை 5 முதல் 10 சதவீதம் உயர்த்தி, மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டும் கருவி) சத்தத்துக்கு ஓடச் சொல்லுங்கள். வேகம் மாறாமல் அடி எண்ணிக்கை கூடும்போது பாதம் தானாகவே உடலுக்கு நெருங்கி விழும். நிமிடத்துக்கு 180 என்ற ஒரே எண்ணை எல்லாருக்கும் திணிக்க வேண்டாம். உயரமும் வேகமும் மாறினால் எண்ணும் மாறும்.

பாதம் சரியான இடத்தில் விழுந்தும் வேகம் இல்லையா? அப்போது பிரச்சினை தரையைத் தள்ளும் விசையில் இருக்கிறது. கால்களைக் காற்றில் வேகமாகச் சுழற்றினால் வேகம் வரும் என்று தோன்றும். ஆய்வாளர் பீட்டர் வேயண்டும் அவர் குழுவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி காட்டியது. வேகமாக ஓடுபவர்களும் மெதுவாக ஓடுபவர்களும் தத்தம் உச்ச வேகத்தில் காலைக் காற்றில் முன்னே கொண்டுவர எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபாடு, பாதம் தரையில் இருக்கும் அந்தச் சிறு நேரத்தில் தங்கள் எடைக்கு எத்தனை மடங்கு விசையைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான். ஆகவே காலைச் சுழற்றும் பயிற்சிகளைக் குறைத்து, தரையில் குறுகிய நேரம் பட்டு எழும் துள்ளல்களையும் எடைப் பயிற்சியையும் கூட்டுங்கள். துள்ளலில் குதிகால் தொப்பென்று இறங்கினால் கணுக்காலின் விறைப்பு போதவில்லை. கெண்டைக்கால் தசையிலிருந்து தொடங்க வேண்டும்.

இது உச்ச வேகத்துக்கு. முதல் சில அடிகளில் வேகம் ஏறாவிட்டால் கணக்கு வேறு: அங்கே நாம் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். மூன்றாவது அடியிலேயே உடல் நிமிர்ந்துவிட்டால் தள்ளுவது மேலே போகிறது, முன்னே போவதில்லை. "குனி" என்று சொல்வதால் பயனில்லை. அவர் இடுப்பில் மடங்கிவிடுவார். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே சாய்வு வேண்டும். சாய்வு பின்னோக்கித் தள்ளும் வலுவிலிருந்து வருகிறது. வலு இல்லாதவர் சாய்ந்தால் விழுவார், அதனால்தான் நிமிர்கிறார்.

அறிகுறி: தாவும் உயரம் போதவில்லை

தரையை விட்ட கணத்திலேயே உயரம் முடிவாகிவிடுகிறது. இடுப்பு 40 செ.மீ. எழ வேண்டுமென்றால் நொடிக்குச் சுமார் 2.8 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். அந்த வேகம் இல்லாமல் கிளம்பிய பிறகு காற்றில் என்ன செய்தாலும் இடுப்பு அதற்கு மேல் போகாது.

எந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க மூன்று தாவல்கள் போதும். கையை இடுப்பில் வைத்து, பாதி உட்கார்ந்து, மூன்று நொடி அசையாமல் இருந்து தாவுங்கள். அடுத்தது, கை இடுப்பிலேயே இருக்க, சட்டென்று இறங்கி உடனே தாவுங்கள். கடைசியில் கையையும் வீசித் தாவுங்கள். ஒவ்வொன்றையும் சுவரில் குறித்தோ, வீடியோவில் காற்றில் இருந்த நேரத்தை எண்ணியோ ஒப்பிடுங்கள்.

முதல் தாவலே மிகக் குறைவாக இருந்தால் காலில் அடிப்படை வலு இல்லை. நுட்பத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசமே இல்லை என்றால், இறங்கும்போது நீளும் தசையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் தரும் உதவி வீணாகிறது. சட்டென்று இறங்கும்போது தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. மேலே திரும்பும் கணத்தில் விசை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. குதிகால் தசைநாணும் நீண்டு மீளும். அடியில் ஒரு கணம் தயங்கினாலும் இந்த லாபம் கரையத் தொடங்குகிறது. வீடியோவில் பாருங்கள்: அடிப்புள்ளியில் இடுப்பு எத்தனை ஃபிரேம் நிற்கிறது? அதிகம் நின்றால் இறங்கும் ஆழத்தைக் குறைத்து, திரும்பும் வேகத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் கை சும்மா ஆடுகிறது. நல்ல கை வீச்சு உயரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கும். கைகள் மேலே முடுக்கப்படும்போது உடல் கீழே அழுத்தப்படுகிறது. அதனால் காலின் தசைகள் கொஞ்சம் மெதுவாகச் சுருங்க வேண்டிவருகிறது. தசை மெதுவாகச் சுருங்கும்போது அதிக விசை தரும். 1938-இல் உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் இந்த உறவைச் சமன்பாடாகவே எழுதினார். ஆகவே கை வீச்சு முடியும் நேரம் பாதம் தரையை விடும் நேரத்தோடு பொருந்த வேண்டும். கை முந்திவிட்டால் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை.

ஓடி வந்து தாவுபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அடியில் இருக்கும். அந்த அடியில் இடுப்பு சற்றுத் தாழ்ந்தால்தான் கடைசி அடியில் மேலே ஏற இடம் கிடைக்கும். கடைசி அடியை மட்டும் திருத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உழைப்பு அத்தனையும் ஒரு அடி தள்ளிப்போய் விழுகிறது.

அறிகுறி: தரையிறங்கும்போது பெரிய சத்தம், அல்லது முட்டி உள்ளே சரிகிறது

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம். யாரும் மோதாமலே முட்டியின் ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார்) கிழிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தரையிறக்கத்திலும், ஓடும்போது சட்டென்று திரும்புவதிலும்தான்: முட்டி அதிகம் மடங்காமல், உள்ளே சரிந்து, உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் கணத்தில்.

சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் 40 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கினால் நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். அந்த வேகத்தை 0.05 நொடியில் நிறுத்தினால் தரை கொடுக்கும் சராசரி விசை சுமார் 3,950 நியூட்டன், அதாவது அவர் எடையைப்போல் ஆறரை மடங்குக்கு மேல். இடுப்பும் முட்டியும் கணுக்காலும் மடங்கி 0.2 நொடியில் நிறுத்தினால் சுமார் 1,430 நியூட்டன், இரண்டரை மடங்குக்கும் குறைவு. உடலும் உயரமும் அதேதான். மாறியது நிற்க எடுத்த நேரம் மட்டும். "சத்தமில்லாமல் இறங்கு" என்ற ஒரு வாக்கியமே பலருக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடும். அவர்கள் உடலே வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

முட்டி உள்ளே சரிவதற்குக் காரணம் மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. முன்னாலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே இரண்டு கால்களால் மெதுவாக ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்) செய்யச் சொல்லுங்கள். முட்டி சரிந்தால், இரண்டு குதிகாலுக்கும் அடியில் 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்கு உறுதியான பலகை ஒன்றை வைத்து மறுபடி செய்யுங்கள். சரிவு மறைந்துவிட்டதா? கணுக்கால் போதிய அளவு மடங்கவில்லை. பாதம் உள்பக்கம் சாய்ந்து வழி தேடியது, முட்டி அதைத் தொடர்ந்தது. கெண்டைக்காலையும் கணுக்காலையும் இளக்குவதே அவருக்கான வேலை.

பலகை வைத்தும் சரிகிறது, ஒற்றைக் காலில் இன்னும் மோசமாகிறது, கூடவே எதிர்ப்பக்க இடுப்பு தாழ்கிறது என்றால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளைப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு எலும்பை மட்டமாகப் பிடித்துக்கொள்வது அந்தத் தசைகள்தான். காலில் ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் கால் ஸ்குவாட், பக்கவாட்டுப் பிளாங்க் போன்றவை உதவும். ஆனால் தசை வலுவானதும் தரையிறக்கம் தானாகத் திருந்தும் என்று இருந்துவிட வேண்டாம். தரையிறங்குவதையும் தனியாகப் பழக வேண்டும். கால்பந்துக்காக உருவான ஃபிஃபா 11+ வார்ம்-அப் வலு, சமநிலை, தாவி இறங்குதல் மூன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது. முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்திருக்கின்றன.

அறிகுறி: ஸ்குவாட்டில் உடல் மிகவும் முன்னே சாய்கிறது

குதிகால் எழுந்தால் மேலே சொன்ன பலகைச் சோதனை. எழாமல் சாய்ந்தால் தொடை எலும்பின் நீளத்தைப் பாருங்கள். தொடை நீண்டவர் ஈர்ப்பு மையத்தைப் பாதத்துக்கு மேல் வைத்திருக்க அதிகம் சாய்ந்தே ஆக வேண்டும். அது பிழை அல்ல. முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்று அவரைத் தடுத்தால் முட்டியின் சுமை கொஞ்சம் குறையும், ஆனால் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் சுமை கூடும். ஆரோக்கியமான முட்டிக்கு அந்தத் தடை தேவையில்லை என்பதே என் கருத்து.

அறிகுறி: எறிதலில் வேகம் இல்லை, தோளும் முழங்கையும் களைக்கின்றன

எறிதல் கையின் வேலைபோலத் தெரியும். உண்மையில் பெரிய, கனமான பகுதிகள் முதலில் நகர்ந்து நின்று, தம் உந்தத்தை அடுத்த சிறிய பகுதிக்குக் கைமாற்றுகின்றன: முன்கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, அப்புறம் மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு. ஒவ்வொன்றும் முந்தையது உச்ச வேகத்தை எட்டிய பிறகே புறப்பட வேண்டும். சிறந்த பேஸ்பால் எறிவீரர்களின் மேற்கை தோளில் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரி அளவை எட்டும். தோள் தசைகள் தனியாக அந்த வேகத்தைத் தர முடியாது.

சோதனை: வார்ம்-அப் முடித்து, மென்மையாகத் தொடங்கி, மண்டியிட்டு எறியுங்கள். பிறகு நின்று முழு அசைவோடு எறியுங்கள். இரண்டு தூரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் காலும் இடுப்பும் எதுவும் சேர்க்கவில்லை. முழுப் பாரத்தையும் தோள் சுமக்கிறது. களைப்புக்குக் காரணமும் அதுதான்.

அடுத்து, முன்கால் தரையில் ஊன்றிய ஃபிரேமில் நிறுத்துங்கள். மார்பு அப்போதே இலக்கை நோக்கித் திரும்பிவிட்டதா? இடுப்பும் மார்பும் சேர்ந்தே திரும்பிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் முறுக்கு உருவாகாது. அந்த ஃபிரேமில் இடுப்பு திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும், மார்பு இன்னும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இதைத் திருத்த மார்பைப் பற்றிப் பேசாதீர்கள். முன்னே எடுத்து வைக்கும் அடி குறுக்காகவோ அளவுக்கு மீறித் திறந்தோ விழுகிறதா என்று பாருங்கள். திறந்து விழும் பாதம் இடுப்பையும் மார்பையும் சேர்த்து இழுத்துவிடும்.

அதே ஃபிரேமிலிருந்து பந்து கையை விடும் வரை முன்முட்டியைக் கவனியுங்கள். அது மேலும் மேலும் மடங்கிக்கொண்டே போனால், ஓடி வந்த உந்தம் மேலே ஏறாமல் முட்டியில் கரைகிறது. முன்கால் உறுதியாக நின்றால்தான் மேலுடல் அதன்மேல் சுழன்று முன்னே பாயும். ஈட்டி எறிபவர்களின் இடதுகாலைப் பாருங்கள், வலதுகைக்காரராக இருந்தால். இதற்கான வலு, தசை நீளும்போதே சுமை தாங்கும் பயிற்சிகளில் வரும்.

வேகம் இருந்தும் தூரம் குறைகிறதா? 45 டிகிரியில்தான் எறிய வேண்டும் என்ற பாடப்புத்தகக் கணக்கை விடுங்கள். அது புறப்படும் உயரமும் விழும் உயரமும் ஒன்றாக இருந்து, எந்தக் கோணத்திலும் ஒரே வேகம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. குண்டு தோள் உயரத்துக்கு மேலிருந்து புறப்படுகிறது; கோணம் செங்குத்தாக ஆக ஆக மனித உடல் கொடுக்கக்கூடிய வேகமும் குறைகிறது. அதனால் சிறந்த குண்டெறிவுகள் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழேயே புறப்படுகின்றன. நீளம் தாண்டுபவர்கள் 20 டிகிரிக்கு அருகில் எழுகிறார்கள். தூரம் வேகத்தின் இருமடியோடு வளர்கிறது: 10 சதவீதம் வேகம் கூடினால் தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். கோணத்தைத் திருத்தும்போது வேகம் குறைந்தால் அந்தத் திருத்தம் வேண்டாம்.

அறிகுறி: நீச்சலில் கால் மூழ்குகிறது

நீரின் மிதப்பு விசை காற்று நிறைந்த நுரையீரலுக்கு அருகில், மார்புப் பக்கம் மையம் கொள்கிறது. உடலின் ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே, இடுப்புப் பக்கம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உடலைத் திருப்பிக் காலைக் கீழே இறக்குகின்றன. பலர் உதையை வேகமாக்கி மூச்சு வாங்குகிறார்கள். முதலில் தலையைப் பாருங்கள்: முன்னே பார்க்கத் தலை எழுந்தால் இடுப்பு தாழும். பார்வை குளத்தின் அடியை நோக்க, ஒரு கை எப்போதும் முன்னே நீண்டிருக்கட்டும். ஈர்ப்பு மையம் கொஞ்சம் மார்புப் பக்கம் நகரும். கால் மேலே வந்தால் நீரின் தடையும் குறையும். வேகம் இரட்டித்தால் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்காவதால், இது சின்ன லாபம் அல்ல.

அறிகுறி: திசை திருப்பும்போது வழுக்குகிறது

காலணியும் தரையும் சரியாக இருந்தால், திரும்பும் அடியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டு அடிகளைப் பாருங்கள். அங்கே வேகம் குறையவில்லை என்றால் கடைசிப் பாதத்துக்கு உராய்வு தாங்க முடியாத பக்கவாட்டு விசை வந்து சேர்கிறது. இடுப்பை முன்கூட்டியே தாழ்த்தி, சிறு அடிகளில் வேகத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள்.

அறிகுறி: காற்றில் சுழற்சி முடியவில்லை

டைவிங், ஜிம்னாஸ்டிக்ஸ் இரண்டிலும் கோண உந்தம் (உடலைச் சுழல வைக்கும் உந்தம்) பலகையையோ தரையையோ விடும்போதே கிடைத்தாக வேண்டும். காற்றில் அதைக் கூட்ட முடியாது. உடலைச் சுருட்டினால் சுழற்சி வேகமாகும், நீட்டினால் மெதுவாகும், அவ்வளவுதான். சுருட்டல் இறுக்கமாக இருந்தும் சுற்று முடியவில்லை என்றால், புறப்பாட்டைப் பாருங்கள்.

திருத்திய பிழை திரும்பி வந்தால்

அதே அசைவை மிக மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். மெதுவாகச் செய்தும் அந்த நிலைக்கு வர முடியவில்லை என்றால், மூட்டை நீங்கள் கையால் மென்மையாக நகர்த்திப் பாருங்கள். நீங்கள் நகர்த்தினாலும் வரவில்லையென்றால் மூட்டின் நெகிழ்வு குறைவு. நீங்கள் நகர்த்தினால் வருகிறது, அவராகச் செய்ய முடியவில்லை என்றால் வலுக் குறைவு. மெதுவாக ஒழுங்காக வருகிறது, வேகத்தில் மட்டும் சிதறுகிறது என்றால் பழக்கமும் நேரமும்தான் பிரச்சினை. வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

சொல்லும் சொல்லையும் மாற்றிப் பாருங்கள். "முட்டியை நீட்டு" என்று உடலுறுப்பைச் சொல்வதைவிட "தரையைத் தள்ளிவிடு" என்று உடலுக்கு வெளியே உள்ளதைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அசைவு இயல்பாக வருகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு திருத்தம் போதும். இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கடைசியாக, பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு வீடியோவும் முடிவில் ஒரு வீடியோவும் எடுங்கள். பிழை முடிவில் மட்டும் தெரிந்தால் நுட்பத்தைத் தொட வேண்டாம். அசைவு சிதறத் தொடங்கிய எண்ணிக்கையைக் குறித்து, அதற்கு இரண்டு மூன்று முன்பே அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள்.